இசைத்தட்டும் இல்லத்துச் செல்வமும்

தேவார ஏடுகளைத் தேடித் தில்லைக்குச் சென்ற வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது, ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததென்றும், எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கி எஞ்சியவற்றையே எடுத்தனரென்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவ்வரலாற்றின் பிற்பகுதியைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எழுத்தில் இசை ஏது? ஆகவே எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கண்டு, அவர் வாயிலாகப் பண்முறையை வகுத்துக்கொண்டனர் என்பர். ஏட்டைக் காத்தது ஓர் அறை. பண்ணைக் காத்தது ஒரு குடும்பம்.

இந்தப் பழங்கதையை இன்று நினைக்கக் காரணம் உண்டு. நம் சைனிக்புரியில் பல இல்லங்களின் பரண்மேல் மரப்பெட்டிகளிலும் தகரப் பெட்டிகளிலும் இசைத்தட்டுகள் உறங்குகின்றன. அவற்றின் அருகே ஒலிநாடாக்கள். அவற்றின் அருகே குறுந்தட்டுகள். கீழே கூடத்தில் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளையோ கைப்பேசியைத் தொட்ட அளவில் எந்தப் பாடலையும் ஒலிக்கச் செய்கிறான். பரணில் இருப்பது சுமையா, செல்வமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காணுமுன், ஒலியைச் சிறைப்பிடித்த கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அரக்குத் தட்டின் காலம்

1877-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு எடிசன், மனிதக் குரலைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியை முதன்முதலாக அமைத்தார். அவர் கையாண்டது உருளை. பத்தாண்டு கழித்து 1887-இல் எமில் பெர்லினர் என்பார் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். ஒரு மூலத் தட்டிலிருந்து அச்சுச் செய்து, ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கத் தட்டு இடந்தந்தது. அச்சு இயந்திரம் நூலுக்குச் செய்ததைப் பெர்லினரின் தட்டு இசைக்குச் செய்தது.

பெர்லினரிடம் பயின்ற பிரெட் கெய்ஸ்பர்க் 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூறுவதைப் பழைய தட்டுகளில் இன்றும் கேட்கலாம். தற்பெருமை என்று எண்ணிவிடக்கூடாது. மூலத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குச் சென்றன. அங்கிருந்தோர் பாடியவர் யாரென அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டுதற்காகவே அவ்வாறு கூறும் வழக்கம் ஏற்பட்டது. 1908-ஆம் ஆண்டு கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை அமைந்தபின் தட்டுகள் இந்நாட்டிலேயே உருவாயின. பின்னர் அத்தொழில் டம்டம்முக்கு மாறிற்று.

தட்டு செய்யப் பயன்பட்ட பொருள் அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கே உலகத்தார் கேட்ட இசைக்கெல்லாம் உடலாய் அமைந்தது. அரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திய தட்டு கருங்கல்போல் கடினமாயிருக்கும். கை தவறினால் கண்ணாடிபோல் உடையும். கற்பொடி ஊசியைத் தேய்க்குமாதலால் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றவேண்டும். பெட்டிக்குச் சாவி கொடுக்கவேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குப் பஞ்சம் வந்து, மேனாடுகளில் பழைய தட்டுகளை வாங்கி உருக்கிப் புதியன செய்தனர் என்றால் அதன் அருமையை உணரலாம்.

மூன்றரை நிமிட எல்லை நம் இசைக்கு ஒரு சோதனை. ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் வித்துவான்கள் அதன் சாரத்தைப் பிழிந்து ஒரு பக்கத்தில் தரவேண்டியதாயிற்று. மூத்த வித்துவான்கள் பலர் தயங்கினர். பதிவு செய்தால் குரல் போய்விடும் என்று அஞ்சியோரும் உண்டு. தயங்காது முன்வந்தோர் பெரும்பாலும் இசையே வாழ்வாகக் கொண்ட குலத்துப் பெண்மணிகள். கோயம்புத்தூர் தாயி அம்மாளின் தட்டுகள் கடல் கடந்து பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் என்பாரின் செவிக்கு எட்டி, அவர் 1912-ஐ ஒட்டி இயற்றிய இசைப் படைப்பிலே சுவடு பதித்தன. எருக்கத்தம்புலியூரில் நிகழ்ந்தது போலவே, இங்கும் இசையைக் காத்துக் கையளித்தவர்கள் பெண்களே.

1926-இல் மதுரைச் சிறுமி ஒருத்தி தன் பத்தாம் வயதில் முதல் தட்டைப் பாடினாள். அவளே பிற்காலத்து எம்.எஸ். சுப்புலட்சுமி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் பாடியவை தட்டு வழியே மேடையில்லாத ஊர்களுக்கும் சென்றன. 1933-இல் கிட்டப்பா இளவயதில் மறைந்தார். தட்டு இல்லையேல் அக்குரல் நமக்குக் கேள்விச் செய்தியாகவே நின்றிருக்கும். வீணை தனம்மாளின் விரல் நயத்தைச் சில தட்டுகளே நமக்குக் காட்டுகின்றன. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நாகசுரம் வைக்க இயலாத எளியோர் வீட்டுத் திருமணத்திலும் தட்டு வழியே முழங்கிற்று. பின்னாளில் திரைப்படக் கூடம் கண்ட ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் முதலில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் பெயரில் இசைத்தட்டு வாணிகம் செய்தவரே. தட்டில் விளைந்த ஆர்வமே அவரை 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’ படத்துக்கு இட்டுச் சென்றது எனலாம்.

நெடுந்தட்டும் ஒலிநாடாவும்

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தார் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டனர். அரக்குக்குப் பதில் வினைல். மூன்றரை நிமிடத்துக்குப் பதில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். எனினும் மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் சாவிப் பெட்டியே வழங்கியமையால், மேனாட்டார் கைவிட்ட பின்னரும் 1960-களின் பிற்பகுதி வரை இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன.

நெடுந்தட்டு வந்தபின்னரே நம் செவ்விசைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. 1963-இல் எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் வெளிவந்தது. அதன் உரிமைத் தொகை திருமலை தேவஸ்தானத்து வேதபாடசாலைக்கு உரியதாயிற்று. தெலுங்கு நாட்டில் வாழும் நமக்கு அத்தட்டு ஒரு பாலம். அடுத்த வீட்டுத் தெலுங்கு அன்பரும் நாமும் ஒரே குரலில் கண் விழித்தோம். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசனம் தட்டிலும் பின்னர் நாடாவிலும் இறங்கி, கோயில் விழாவிலெல்லாம் ஒலிபெருக்கியில் முழங்கியதை நாம் மறக்க இயலுமா?

தட்டு வாங்க இயலாதவர்க்கு வானொலி துணை நின்றது. ஐதராபாத்தில் நிஜாம் ஆட்சியில் 1935-இல் தொடங்கிய டெக்கான் ரேடியோ 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1952-இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது, நம்மவர் சிற்றலையைத் திருகி இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு அந்த நாட்டமும் ஒரு காரணம்.

1963-இல் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனத்தார் கைக்கடக்கமான ஒலிநாடாப் பேழையை வெளியிட்டனர். படைத்துறையில் பணியாற்றியோர்க்கு இதன் பயன் தனியே தெரியும். மாற்றல் ஆணை வந்துவிட்டால் பதினைந்து நாளில் வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். அரக்குத் தட்டு ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒன்றிரண்டு பலியாகும். ஒலிநாடாவோ உடையாது, வளையாது, துணிமணிக்கு இடையே செருகிவிடலாம். 1970-களிலும் 1980-களிலும் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் வானொலியும் நாடாக்கருவியும் இணைந்த பெட்டியை ஊர்தோறும் கொணர்ந்தனர். கடிதம் எழுதத் தெரியாத தாய் தன் குரலையே நாடாவில் பதிந்து மகனுக்கு அனுப்பினாள். விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் தமிழ்நாட்டுத் தெருக்களில் பெருகின. உரிமைச் சட்டத்துக்கு அது பொருந்தாததே. ஆயினும் ஒவ்வொருவரும் தமக்கெனப் பாடல்வரிசை தொகுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கேதான் பிறந்தது.

எண்ணாக மாறிய இசை

1982-இல் சோனியும் பிலிப்சும் சேர்ந்து குறுந்தட்டை வெளியிட்டபோது இசையின் உடலே மாறிவிட்டது. அரக்கிலும் வினைலிலும் ஒலியின் அலை பள்ளமாகச் செதுக்கப்பட்டது. குறுந்தட்டிலோ நொடிக்கு 44,100 முறை அலையை அளந்து எண்களாக்கிப் பதிந்தனர். எண்ணாகிய பொருள் தேய்வதில்லை. ஆயிரமாவது படியும் முதற் படியை ஒக்கும். ஆனால் எண்ணுக்கு உடலும் வேண்டுவதில்லை. 1990-களில் ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனத்து அறிஞர்கள், செவி எளிதில் உணராத பகுதிகளை நீக்கி இசையைச் சுருக்கும் எம்.பி.3 என்னும் முறையை நிலைநாட்டினர். வழக்கில் பரவிய அளவில், குறுந்தட்டின் எண்களில் 11-இல் ஒரு பங்கே போதுமானதாயிற்று. தம்புராவின் நுண்ணிய கார்வை மங்கிற்றென்று செவிநுட்பம் வாய்ந்தோர் குறைகூறினர், உலகம் செவிசாய்க்கவில்லை.

அடுத்த படி இணையவழி இசை. பாடலை நாம் வைத்திருப்பதில்லை. எங்கோ ஒரு நிலையத்தில் இருப்பது குழாய்நீர்போல் நம் செவிக்குப் பாய்கிறது. சுவீடனில் 2008-இல் பிறந்த ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே கானா, சாவன் போன்ற இந்தியச் சேவைகள் இருந்தன. 2023-இல் உலகப் பதிவிசை வருவாயில் ஏறத்தாழ 67 விழுக்காடு இவ்வழியே வந்ததென்று இசைத் தொழிலாரின் உலகக் கூட்டமைப்பு கணக்கிட்டது. 2021-இல் ஆப்பிள் நிறுவனத்தார் சுருக்காத தரத்திலேயே இசையை வழங்கத் தொடங்கினர். ஆதலின் ஒலி குன்றும் என்னும் பழைய குறையும் பெரும்பகுதி தீர்ந்தது.

இதன் நன்மையை மறைப்பது நேர்மையன்று. தாயகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது பெரும்பேறு. முன்னாளில் தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரம் வேண்டுமென்றால் ஊருக்குப் போகிறவரிடம் சொல்லியனுப்பிக் காத்திருக்கவேண்டும். இன்று பிறந்த நாளில் பாட்டி கேட்கும் பாடலைப் பேத்தி நொடியில் எடுத்துத் தருகிறாள். தட்டு வாங்கப் பொருளில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தனவந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே இசைச் சாலை திறந்திருக்கிறது. தெலுங்கு மண்ணில் பிறந்து தமிழ் எழுத்தறியாத பிள்ளையும் தமிழிசையை இழக்காதிருப்பது இதனால்தான்.

எதை இழக்கிறோம்?

ஆயினும் மூன்று இழப்புகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலாவது, உரிமை. விலை கொடுத்து வாங்கிய தட்டு நம்முடையது. மாதந்தோறும் கட்டணம் செலுத்திக் கேட்கும் பாடல் நம்முடையதன்று. 2019 ஏப்ரலில் சரிகம நிறுவனத்தாருக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் உரிமை வழக்கு எழுந்தது. பழைய எச்.எம்.வி. தட்டுகளின் வாரிசு இச்சரிகமவே. பாடல்கள் நீக்கப்பட்டன; 2020 சூனில் உடன்பாடு ஏற்படும்வரை அந்தப் பழம்பாடல் களஞ்சியம் அச்சேவையில் இல்லை. 2014-இல் தொடங்கிய விங்க் என்னும் சேவையை மூடப்போவதாக 2024-இல் அறிவித்தனர். அதில் அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுத்து வைத்திருந்த வரிசைகளின் நிலை என்ன? கறையான் ஏட்டைத் தின்னப் பல நூற்றாண்டு ஆயிற்று. இங்கே ஓர் அறிவிப்புப் போதும்.

இரண்டாவது, செய்தி. நெடுந்தட்டின் உறையைத் திருப்பினால் இராகம், தாளம், இயற்றியவர், வயலின் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர் அனைவரையும் காணலாம். உறையைப் படித்தே இசையறிவு பெற்ற தலைமுறை ஒன்று உண்டு. இன்றைய திரையிலோ பாடகர் பெயர் மட்டும் நிற்க, பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மேடையில் அருகமர்ந்து கச்சேரியைத் தாங்கியவர் பெயரற்றவராதல் அறமாகுமா?

மூன்றாவது, பொதுமை. முன்பு கூடத்தில் ஒரு பெட்டி. அதைச் சுற்றி ஒரு குடும்பம். அப்பாவின் விருப்பத்தைப் பிள்ளை பொறுத்துக்கொண்டு கேட்டான். பொறுத்துப் பொறுத்து அதுவே அவன் விருப்பமாயிற்று. இன்று ஒவ்வொருவர் செவியிலும் ஒரு கருவி. அவரவர் முன்பு விரும்பியதையே அவரவர்க்கு மீண்டும் தருகிறது பொறி. தாத்தாவின் பாட்டைப் பேரன் தற்செயலாகக் கேட்கும் வாய்ப்பு அருகுகிறது. 2017-இல் சரிகம நிறுவனத்தார் 5,000 பழம்பாடல்களை அடக்கிய ‘கார்வான்’ என்னும் பெட்டியை வெளியிட்டபோது அது பெருவெற்றி பெற்றதன் காரணம் இதுவே போலும். மக்கள் தேடியது பாட்டை மட்டுமன்று, கூடத்தில் ஒலிக்கும் பெட்டியையும் தேடினர்.

பெரிய நிறுவனங்கள் காத்துக்கொள்ளும் என்று வாளாவிருக்கவும் இயலாது. 2008-இல் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யுனிவர்சல் கூடத்தில் தீப்பற்றியபோது மூலப் பதிவுகள் பல சாம்பலாயின. நம் நாட்டிலோ பழைய தட்டுகள் பலவற்றுக்குச் சேகரிப்போர் இல்லங்களில் உள்ள படிகளே ஆதாரம். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தனி ஒருவராகத் திரட்டிக் காத்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் காத்ததில் தமிழிசை பெரும்பங்கு. விக்ரம் சம்பத் நிறுவிய இந்திய இசைக் காப்பகம் பழைய தட்டுகளை எண்முறையில் மாற்றி யாவரும் கேட்க வைத்தது. 2008 முதல் சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளைக் கேட்கும் எண்முறைக் காப்பகம் இயங்கி வருகிறது. இவை அனைத்துக்கும் மூலம் எவரோ ஒருவர் வீட்டுப் பெட்டியே.

நாம் செய்யத்தக்கது

நம் குடியிருப்பின் பெயரே அதன் தோற்றத்தைச் சொல்லும். முப்படைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர்க்காக எழுந்தது இது. காசுமீரம் முதல் அசாம் வரை மாற்றல் தோறும் சுமந்து வந்த பெட்டிகள் இறுதியில் இங்கே இறக்கப்பட்டன. இப்போது முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில், தனிவீடுகள் சில அடுக்குமாடிகளாகின்றன. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் தட்டுகள் எடைக்குப் போகின்றன. விற்போர்மேல் குற்றமில்லை, அதன் மதிப்பை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்குச் சில வேண்டுகோள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது நூல்போல் நிற்கவைக்க. இவ்வூர்க் கோடை வெயில் படாத இடத்தில் வைக்க. 78 சுற்றுத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தல் கூடாது; அரக்கு கரைந்துவிடும். அதற்குரிய ஊசி வேறு, நெடுந்தட்டுக்குரிய ஊசி வேறு. மாற்றிப் போட்டால் தட்டும் கெடும், ஒலியும் கெடும். எண்முறையில் பதிய விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் நலம். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை அது வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டு நிற்கும், பின் பொதுவுடைமை. பாடலை இயற்றியவரின் உரிமை தனி. அது அவர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டு.

இவற்றினும் எளிய பணி ஒன்றுண்டு. ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள தட்டு, நாடா இவற்றின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுக. பாடியவர், பக்கவாத்தியம், தட்டின் எண் இவற்றோடு, எந்த ஊரில், எந்த ஆண்டில், எதற்காக வாங்கியது என்பதையும் ஒரு வரி எழுதுக. எந்த நிறுவனத்தாலும் எழுதித் தர இயலாத வரி அது. அப்பட்டியல்களைச் சங்கம் தொகுத்து வைத்தால், அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடலாம். திங்களுக்கு ஒரு மாலை, ஓர் இல்லத்துக் கூடத்தில் பெட்டியைத் திறந்து, சிறுவர் சிறுமியர் நடுவே ஒரு தட்டைச் சுழலவிடலாம். தட்டு முடிந்தபின் அதே பாடகரின் பிற பாடல்களைப் பிள்ளைகளே கைப்பேசியில் தேடி எடுக்கட்டும். பழையதும் புதியதும் பகையல்ல. ஒன்று வேர், மற்றொன்று கிளை.

தில்லை அறையில் ஏடு காத்துக் கிடந்தது. ஆயினும் பண்ணை மீட்டுத் தந்தது ஒரு குடும்பத்தின் நினைவு. நம் இல்லத்துப் பெட்டிகளைப் பேரப்பிள்ளைகள் திறக்கும்போது, அதில் உள்ளது யார் குரல் என்று சொல்ல ஒருவரேனும் அருகில் இருக்கவேண்டும். அவ்வொருவராக நாமே இருப்போமாக.

வாழ்க தமிழிசை! வளர்க நம் சங்கம்!